குழாய் யார் பேரில் இருக்கிறது, மாமா?

மாமல்லபுரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? போனில் நீங்கள் கேட்டதற்கு "கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு அவசரமாக வைத்துவிட்டேன். காரணம் சொல்லாமல் சொன்னால் நீங்கள் கேட்கிற ஆள் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சங்கக் கூட்டத்தில் நாலு பேருக்குப் படித்துக் காட்டவும் உதவும்.

உங்கள் குடியிருப்புக்கு வந்திருக்கிற பேச்சு இதுதானே? 120 வீட்டுக்கும் ஒரு கம்பெனி தன் செலவில் ஃபைபர் இழுத்துத் தரும், சங்கத்துக்குக் காலணா செலவில்லை, கீழே ஹாலில் இலவச வைஃபை. பதிலுக்குப் பத்து வருஷம் வேறு எந்தக் கம்பெனியையும் உள்ளே விடக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது நான் வேலை பார்க்கிற வளாகத்திலும் அது கட்டப்பட்ட காலத்தில் இப்படி ஒரு காகிதத்தில் யாரோ சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தைத் தோண்டி எடுக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

வளாகத்தின் பெயர் வேண்டாம். திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரைப் பக்கம் வருகிற சாலையில் பார்த்திருப்பீர்கள். அடுக்குமாடிகள், தனி வீடுகள், ஒரு அலுவலகக் கட்டடம், கடைகள், ஒரு கிளினிக், ஒரு பள்ளி, எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். இந்த வகைக்கு நம் பக்கத்தில் முன்னோடி பரனூர்தான். டிட்கோவும் மஹிந்திராவும் சேர்ந்து 2002-ல் தொடங்கிய வேர்ல்டு சிட்டி. தொழிற்சாலை, மென்பொருள் அலுவலகம், குடியிருப்பு எல்லாம் ஒரே இடத்தில் என்ற எண்ணம் அங்கிருந்துதான் ஜிஎஸ்டி ரோடு, ஓஎம்ஆர், ஈசிஆர் என்று பரவியது. எங்களுடையது அதில் பொடி ரகம்.

இப்படிக் கலந்து கட்டிய இடத்தில் நெட்வொர்க் போடுவது உண்மையில் லாபமான காரியமாக இருக்க வேண்டும். அலுவலகம் பகலில் இழுக்கும், வீடுகள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் இழுக்கும். ஒரே லைனை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஆனால் நடப்பது வேறு. அலுவலகத்துக்கு ஒரு ஒப்பந்தம், வீடுகளுக்கு ஒன்று, சிசிடிவிக்கு ஒன்று, லிஃப்ட் கம்பெனிக்குத் தனி ஒயர், தண்ணீர் மோட்டாரைக் கண்காணிக்கத் தனி ஒயர், கடைக்காரர் கார்டு தேய்க்க மொட்டைமாடி வழியாக இன்னொன்று. ஆளாளுக்கு இழுத்ததில் ஒருவர் லைன் காலியாகக் கிடக்கும்போது அடுத்தவர் லைன் பிதுங்குகிறது.

வாசல் பக்கத்து கேபிள் சேம்பரைத் திறந்த கதையைச் சொல்ல வேண்டும், உங்களுக்குப் பிடிக்கும். கழுத்தளவு தண்ணீர். மோட்டார் வைத்து இறைத்தால், அடியில் 40 மில்லிமீட்டர் குழாய் இரண்டே இரண்டு. ஒரு குழாய்க்கு ஒரு கேபிள் என்பதுதான் கணக்கு. ஒன்றில் மட்டும் ஐந்து கேபிள் திணித்திருந்தார்கள். இரண்டு உயிரோடு இருக்கிற ஃபைபர், ஒரு செத்த ஃபைபர், ஒரு டிவி கேபிள், அடியில் உங்கள் காலத்து ஜெல்லி கேபிள். செத்ததை உருவலாம் என்று கை வைத்தால் உயிருள்ளதோடு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இழுத்தால் பாதி வளாகம் இருட்டு. வரைபடத்தைக் கேட்டோம். பளபளப்பாக ஒன்று கொடுத்தார்கள். அதில் குழாய் சாலையின் இடது பக்கம் போகிறது, நிஜத்தில் வலது பக்கம்.

அப்போது உங்களைத்தான் நினைத்தேன். 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு உங்களோடு ஒரே நாளில் வெளியே வந்தவர்கள் 78,000 பேருக்கு மேல். எந்தப் பாலத்துக்கு அடியில் எந்தப் பக்கம் ஜாயிண்ட் இருக்கிறது என்பது அவர்களில் எத்தனை பேர் தலைக்குள் மட்டும் இருந்ததோ! இப்போது "தோண்டுவதற்கு முன் சொல்" என்று மத்திய அரசு ஒரு செயலி வைத்திருக்கிறது, 2023 மார்ச்சில் தொடங்கினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கேபிள் போட்டவர் எங்கே போட்டோம் என்று பதிந்திருந்தால்தானே ஜேசிபிக்காரருக்கு அது சொல்லும்?

சரி, குழாய் நிரம்பிவிட்டது, புதிதாகப் போடு என்றால் மண் விட வேண்டுமே. எங்கள் வளாகத்தின் மேற்கு மூலை முழுக்கப் பாறை. செங்கல்பட்டைச் சுற்றியுள்ள கல்குவாரிகளில் வெடிக்கிறார்களே, அதே ஜாதி. பிரேக்கர் வைத்து நாள் முழுக்க அடித்தாலும் கொஞ்ச தூரம்தான் நகரும். கிழக்கு மூலைக்கு வந்தால் மணல், நாலடியில் தண்ணீர், வெட்ட வெட்டக் கரை சரிகிறது. டிபார்ட்மெண்ட் கணக்குப்படி 1.65 மீட்டர் ஆழம் என்று நீங்கள் பிடிவாதம் பிடிப்பீர்கள். பாறையில் அது நடக்காது. கிடைத்த ஆழத்தில் போட்டு மேலே கான்கிரீட் மூடினோம். மணலில் வெட்டாமல் பக்கவாட்டுத் துளையிடும் இயந்திரம் வைத்தோம். துளை மூடிக்கொள்ளாமல் இருக்கப் பெண்டோனைட் களிமண் கரைசலை உள்ளே செலுத்திக்கொண்டே போவார்கள். தோண்டியது ஒரு தடவைதான், ஆனால் உள்ளே ஏழு சிறுகுழாய் கொண்ட கட்டாகப் போட்டிருக்கிறோம். அதில் பாதிக்கு மேல் காலி. "காலிக் குழாய்க்கு எதற்கய்யா காசு?" என்று நிர்வாகத்தில் ஒருவர் சண்டை போட்டார். ஃபைபர் மலிவு, தோண்டுவதுதான் செலவு, இன்னொரு தடவை தோண்டாமல் இருக்கத்தான் இந்தக் காசு என்று சொல்லி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நம் கரைக்கு வந்து சேர்கிற கேபிள்களை நினைத்தால் இது இன்னும் வேடிக்கை. சிங்கப்பூரிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடலடியில் வந்து சென்னையில் கரையேறுகிற கேபிள்கள் 2002-லிருந்தே இருக்கின்றன. அந்தமானுக்கே 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் ஃபைபர் போய்விட்டது. சிறுசேரியில் டேட்டா சென்டர்கள். இவ்வளவும் வண்டியில் ஒரு மணி, ஒன்றரை மணி தூரத்துக்குள். கடலைத் தாண்டி வந்தது எங்கள் கேட்டுக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிறது.

வெளியிலிருந்து இரண்டு வழி வேண்டும் என்று இப்போது வைத்திருக்கிறோம். ஒன்று செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து, இன்னொன்று ஈசிஆர் பக்கத்திலிருந்து. முன்பும் இரண்டு கம்பெனி இருந்தது, ஆனால் இரண்டின் கேபிளும் ஒரே பள்ளத்தில்தான் கிடந்தது என்பது ஒரு நாள் ஜேசிபி கடித்தபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஈசிஆரில் நான்கு வழிச்சாலை வேலை நடக்கிற காலத்தில் இது ரொம்பச் சாதாரணம். கம்பத்தில் தொங்கவிடலாமே என்பார்கள். 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. மறுநாள் காலையில் மரமும் கம்பமும் கிடந்த கிடையைப் பார்த்தவர்கள் யாரும் தொங்கவிடச் சொல்ல மாட்டார்கள்.

பூஞ்சேரியில் அதே வருஷம் ஜூலை, ஆகஸ்டில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் பேரனை அழைத்துக்கொண்டு வந்தீர்கள். ஏறக்குறைய 700 பலகையில் ஒரே நேரத்தில் ஆட்டம். காய் நகர்வதை உணர்கிற மின்பலகைகள், ஒவ்வொரு நகர்வும் அந்த நொடியே உலகத்துக்குப் போக வேண்டும். தொடங்குவதற்குச் சில நாள் முன்னால் 1,414 ஆட்டக்காரர்களை அதே கூடத்தில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார்கள். இரண்டு வாரத் திருவிழாவுக்கு அவ்வளவு யோசனை. முப்பது வருஷம் மனிதர்கள் குடியிருக்கப் போகிற கட்டடத்துக்கு ஒத்திகை கிடையாது!

ராத்திரி நேரத்தில் சாலையோரம் வேன் நிறுத்தி இழைகளை ஒட்டவைக்கிற ஸ்ப்ளைஸிங் நடக்கும். மதுராந்தகத்துப் பையன் ஒருவன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மேலுறையைச் சீவி, ஆல்கஹால் துணியால் துடைத்து, முனையை நறுக்கி, இயந்திரத்தில் எதிரும் புதிருமாக வைக்கிறான். திரையில் இரண்டு கண்ணாடி இழையும் தூண் போலப் பெரிதாகத் தெரியும். ஒரு பொறி, சில நொடி. இழப்பு 0.02 டெசிபல் என்று காட்டுகிறது. உறையை மாட்டிச் சூட்டில் சுருக்கி அடுத்ததை எடுக்கிறான். வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், ஆக்வா. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் ஐந்தும் அடுத்த நாலும் நீங்கள் பின்கட்டில் கேபிள் துண்டை வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லித்தந்த வரிசை அப்படியே! தாமிரத்தில் வெள்ளையோடு நீலம், வெள்ளையோடு ஆரஞ்சு என்று ஜோடி கட்டுவீர்கள். இங்கே ஒண்டிக்கட்டையாக வரிசையில் நிற்கின்றன, அவ்வளவுதான். அவனிடம் சொன்னேன், நம்பவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கம்பெனி போடப்போவது அநேகமாக ஜிபான். எக்ஸ்சேஞ்ச் பக்கத்திலிருந்து ஒரு இழை வரும், அதை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரிப்பார்கள். அந்த ஓர் இழையில் கீழ்நோக்கி வருவது சுமார் 2.5 கிகாபிட், அதைத்தான் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அது தப்பில்லை, ஒரே நேரத்தில் எல்லோரும் முழு வேகத்தில் இழுப்பதில்லை. பிரிக்கிற பெட்டியை எங்கே வைக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் வைத்தால் கம்பெனிக்கு கேபிள் மிச்சம். ஆனால் கீழிருந்து மாடி வரைக்கும் வருகிற இழை அந்தக் கம்பெனியோடு கட்டுண்டது. நாளைக்கு ஒரு வீட்டுக்காரர் வேறு கம்பெனிக்கு மாற நினைத்தால் ஷாஃப்டில் புதிதாக ஒயர் இறங்கும். அப்படி இறங்கி இறங்கித்தான் எங்கள் சேம்பர் அந்தக் கதிக்கு வந்தது.

வீட்டுக்கு இரண்டு இழை வீதம் நேராகத் தரைத்தளத்தில் ஒரு பொது அறைக்குக் கொண்டுவந்துவிட்டால், ஸ்ப்ளிட்டரைக் கம்பெனிக்காரர் அந்த அறையில் வைத்துக்கொள்ளட்டும். கம்பெனி மாறினால் அங்கே ஒரு பேட்ச் கார்டை உருவி வேறு இடத்தில் செருகினால் முடிந்தது. அதே இழையில் பிற்பாடு 10 கிகாபிட் தொழில்நுட்பத்துக்கும் போகலாம். அது வேறு அலைநீளத்தில் ஓடுவதால் பழையதும் புதியதும் ஒரே கண்ணாடியில் சேர்ந்தே போகும். வீட்டுத் தண்ணீர்க் குழாய் நம்முடையது, பாலாற்றுத் தண்ணீர் வந்தாலும் நெம்மேலித் தண்ணீர் வந்தாலும் அதே குழாயில்தானே வருகிறது? கூட்டத்தில் யாராவது முழித்தால் இதைச் சொல்லுங்கள்.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் கேபிள் கொண்டுபோகும் வழி உரிமைக்கான விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கின்றன. டிராய் 2024 அக்டோபரில் கட்டடங்களின் இணைய வசதிக்கு மதிப்பீடு கொடுக்கிற ஒழுங்குமுறை கொண்டுவந்தது. கட்டாயமில்லை, விரும்பினால் விண்ணப்பிக்கலாம். வீடு விற்கிறவர்கள் விளம்பரத்தில் அதைப் போடுகிற நாள் வந்தால் ஒரே கம்பெனிக்குப் பூட்டிவைத்த கட்டடத்துக்குச் சங்கடம்தான்.

இன்னொன்று, இது உங்களுக்குத்தான் முதலில் தோன்றியிருக்கும். பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஊரே இருண்டாலும் போன் பேசும். ஃபைபரில் அது கிடையாது, கண்ணாடியில் கரண்ட் வராது. எங்கள் வளாகத்தில் தாமிரத்தைக் கழற்ற நாள் குறித்தபோது, லிஃப்டுக்குள் இருக்கிற அவசர போனும் தீயணைப்பு பேனலும் அந்தத் தாமிரத்தில்தான் தொங்குகின்றன என்பதைக் கவனித்தவர் ஒரு வயதான எலெக்ட்ரீஷியன். கான்ட்ராக்டர் பட்டியலில் அது இல்லை, எந்த வரைபடத்திலும் இல்லை. அவர் சொல்லாவிட்டால் அடுத்த மின்வெட்டில் யாராவது லிஃப்டில் மாட்டி பட்டனை அழுத்திக்கொண்டே நின்றிருப்பார்கள். லிஃப்டுகளுக்குத் தனி பேட்டரி வைத்த பிறகுதான் தாமிரத்தைத் தொட விட்டேன். உங்கள் கட்டடத்தில் லிஃப்ட் போன் எதில் ஓடுகிறது என்று கம்பெனியின் சேல்ஸ்காரரிடம் கேட்காதீர்கள். நீங்களே போய் ஒயரைப் பின்தொடர்ந்து பாருங்கள், உங்களைவிட யாருக்குத் தெரியும்?

அந்தக் கம்பெனியையே விரட்டிவிடச் சொல்லவில்லை, மாமா. முதலில் வரட்டும், காசும் சம்பாதிக்கட்டும். குழாயும் ஷாஃப்டும் பொது அறையும், வீட்டுக்கு வீடு போகிற இழையும் சங்கத்தின் பேரில் இருக்க வேண்டும். அதற்கு ஆகிற செலவை 120 வீடும் பங்கு போட்டால் யாரும் ஓடிப்போய்விட மாட்டார்கள், மொட்டைமாடி ஒழுகலுக்கு இதைவிட அதிகம் வசூலித்திருப்பீர்கள். பத்து வருஷத் தனி உரிமை என்கிற வரி போக வேண்டும். போட்டு முடித்ததும் உண்மையான வரைபடமும் ஒவ்வொரு இழையையும் ஓடிடிஆர் கருவியால் சோதித்த பதிவும் சங்கத்திடம் கொடுத்த பிறகே கடைசித் தவணை என்றும் எழுதிவாங்குங்கள். அவர்கள் மறுத்தால் அடுத்த கம்பெனி வரிசையில் நிற்கிறது. கூடுவாஞ்சேரியில் ஆளா பஞ்சம்?

ஒப்பந்தத்தின் பக்கங்களை ஒன்றுவிடாமல் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பொடி எழுத்தில் பின்பக்கம் இருப்பதையும் சேர்த்து. அடுத்த ஞாயிறு கூட்டம் என்றால் சனிக்கிழமை ராத்திரியே வந்துவிடுகிறேன். காலையில் கூட்டத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஷாஃப்டைத் திறந்து பார்த்துவிடலாம். சாவியை வாட்ச்மேனிடம் வாங்கி வையுங்கள், போன தடவை மாதிரி அவர் ஊருக்குப் போய்விடப் போகிறார். அத்தையிடம் எனக்கு வத்தக்குழம்பு போதும் என்று சொல்லுங்கள், முழங்காலை வைத்துக்கொண்டு எதையும் இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மருமகள்