பவர் பத்திரமும் பாஸ்வேர்டும்

எங்கள் ஊர் ஓய்வூதியர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு குழு வைத்திருக்கிறோம். மொத்தம் அறுபது பேர் இருப்போம். பெரும்பாலும் கள்ளக்குறிச்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருப்பவர்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் இருப்பவர்கள் நான்கைந்து பேர். சங்கம், பதிவு, சந்தா எதுவும் கிடையாது. யாருக்கு எந்த மாதம் நேர்காணல், யாருக்கு எந்தத் தாள் பாக்கி என்று ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொள்வதோடு சரி. எழுத்தராக இருந்த பாவத்துக்கு அந்தக் கணக்கு வேலை என் தலையில் விழுந்தது.

அதற்காக எண்பது பக்க நோட்டு ஒன்று போட்டேன். பெயர், ஓய்வூதியக் கொடுப்பாணை எண், கைப்பேசி எண், ஜிமெயில் முகவரி, கடைசிக் கட்டத்தில் பாஸ்வேர்டு. "எனக்கு எங்க சார் ஞாபகம் இருக்கும், நீங்களே எழுதி வச்சிக்கங்க" என்று அவரவரே சொன்னதுதான். மெயில் ஏதும் வந்திருக்கிறதா என்று நானே அவர்கள் கணக்கைத் திறந்து பார்த்துச் சொல்வேன். மூன்று வருடம் இப்படி ஓடியது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

சென்ற விடுமுறைக்குப் பேரன் வந்தான். கணினிப் படிப்பு. குழுவுக்கென்று ஒரு சின்ன வலைச்செயலி செய்து தருகிறேன் என்றான். விவரத்துக்காக நோட்டை எடுத்துக் கொடுத்தேன். கடைசிக் கட்டத்தைப் பார்த்தவன் நோட்டை மூடிவிட்டான்.

"இதையெல்லாம் யாரு தாத்தா எழுதச் சொன்னது?"

"நான்தான். ஏன், நான் திருடவா போறேன்?"

"நீங்க திருட மாட்டீங்க. நோட்டு தொலைஞ்சா? அதுவுமில்லாம, தேதி பாக்க மட்டும் அவங்க உங்களுக்குச் சாவி குடுக்கல. வீட்டையே குடுத்திருக்காங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. ராத்திரி படுத்த பிறகு, அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு காட்சி நினைவுக்கு வந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அப்பா வழித் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்த 'சொல்தா'. அவருக்கு பிரான்சிலிருந்து பென்ஷன். உயிரோடு இருக்கிறார் என்பதற்கு 'செர்த்திஃபிகா த வீ' கொடுத்தாக வேண்டும். இன்று ஜீவன் பிரமாண் என்று கைரேகை வைக்கிறோமே, அதன் பாட்டனார். தாத்தா படுக்கையில் விழுந்ததும், பென்ஷன் வாங்க அவருடைய தம்பி மகனுக்குப் 'புரோக்குராசியோன்' எழுதிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. நம் ஊரில் பவர் பத்திரம் என்கிறோம். தாத்தாவுக்கு பிரெஞ்சு பேச வரும், படிக்க வராது. நொத்தேர் எழுதியதை நான்தான் வாசித்துக் காட்டினேன். பத்து வயதிருக்கும்.

வாசித்து முடித்ததும் தாத்தா கேட்டார்: "இதுல வீட்டை விக்கலாம்னு எங்கயாவது இருக்கா?" இல்லை என்றேன். "பென்ஷன் வாங்கலாம்னு மட்டும்தானே இருக்கு?" ஆமாம் என்றேன். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

1804-இல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்திலேயே இதற்கு விதிகள் இருக்கின்றன. 1987-ஆம் பிரிவு: அதிகாரம் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் இருக்கலாம், எல்லாக் காரியங்களுக்கும் இருக்கலாம். 1989: கொடுத்த அதிகாரத்தைத் தாண்டி அந்த ஆள் எதுவும் செய்யக் கூடாது. 2004: கொடுத்தவர் விரும்பியபோது திரும்பப் பெறலாம். நம் நாட்டிலும் 1882-லிருந்து பவர் பத்திரத்துக்குச் சட்டம் உண்டு. பொது பவர் வேறு, தனி பவர் வேறு என்பது பத்திரம் எழுதும் எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் இதைப் பேரனிடம் சொன்னேன். "தாத்தா, நான் செய்யப்போறதும் அதேதான்" என்றான். அதற்கு ஓஆத் என்று பெயராம். 2007-இல் முதலில் வந்தது. இப்போது புழங்கும் இரண்டாம் பதிப்பு 2012 அக்டோபரில் வெளியானது. டிஜிலாக்கரில் வைத்திருக்கும் சான்றிதழை வேறொரு தளம் கேட்கும்போது, டிஜிலாக்கர் பக்கம் திறந்து "இவர்களுக்குக் காட்டலாமா?" என்று நம்மிடம் சம்மதம் கேட்கிறதல்லவா, அதுவும் இந்த முறைதானாம்.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன். பழைய நாளில் வங்கியில் பணம் எடுப்பது எப்படி? ஒரு கவுண்டரில் தாளைக் கொடுப்போம். கையெழுத்தைச் சரிபார்க்க அது உள்ளே போகும். நம் கையில் பித்தளை டோக்கன் ஒன்று தருவார்கள். அதைக் காசாளரிடம் நீட்டினால் பணம் வரும். இங்கேயும் அப்படித்தான். உறுப்பினர் எங்கள் செயலியில் 'கூகுள் வழியாக நுழைக' என்பதை அழுத்தினால் கூகுளின் பக்கத்துக்குப் போவார். பாஸ்வேர்டை அங்கேதான் போடுவார். எங்கள் கண்ணில் அது படவே படாது. இன்ன விவரத்தைக் காட்டலாமா என்று கூகுள் கேட்கும். சம்மதித்தால் எங்கள் செயலிக்கு ஒரு டோக்கன் எண் வரும். சில நிமிடம்தான் செல்லும், ஒரு தரம்தான் செல்லும். அந்த எண்ணோடு எங்கள் செயலி தன் ரகசிய எண்ணையும் சேர்த்துக் காட்டினால்தான் கூகுள் அனுமதிச் சீட்டைத் தரும். ரகசிய எண் என்பது அலுவலக முத்திரை மாதிரி. மேசைமேல் கிடக்கக் கூடாது, பூட்டி வைக்க வேண்டும்.

இதற்காகக் கூகுளிடம் எங்கள் செயலியை முதலில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பெயர், தொடர்பு முகவரி, என்னென்ன அனுமதி வேண்டும், சம்மதம் வாங்கியபின் ஆளை எந்த முகவரிக்குத் திருப்பி அனுப்புவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. விண்ணப்பப் படிவம் என்றதும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

அனுமதிப் பட்டியலில் பேரன் பெயர், மின்னஞ்சல், நாள்காட்டி மூன்றையும் குறித்திருந்தான். "நாள்காட்டி எதுக்கு?" என்றேன். "நேர்காணல் தேதியை அதுலயே எழுதிடலாம்." "நாமளே ஒரு மெயில் அனுப்பி ஞாபகப்படுத்தினா ஆகாதா?" யோசித்துவிட்டு நீக்கினான். நல்லதாகப் போயிற்று. சோதனை நிலையில் இருக்கும் செயலிக்கு நூறு பேர் வரை சேர்க்கலாம், எங்களுக்கு அது தாராளம். ஆனால் அந்த நிலையில் நாள்காட்டி போன்ற அனுமதிகள் ஏழு நாளில் காலாவதியாகிவிடுமாம். பெயரும் மின்னஞ்சலும் மட்டும் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் முடித்து அழுத்தினால் பிழை வந்தது. திரும்பும் முகவரி பொருந்தவில்லை என்றது. பையன் ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டான். "இரண்டையும் காகிதத்தில் எழுதிக் கொடு" என்றேன். நகல் எடுத்தவர், ஒப்பிட்டவர் என்று கையெழுத்திட்டே காலம் தள்ளியவன் நான். எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றின் கடைசியில் ஒரு சாய்கோடு அதிகம் இருந்தது. அதை எடுத்ததும் வேலை செய்தது. சர்வீசில் கிடைக்காத பாராட்டு அன்று கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டோம். வெள்ளிமலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கச்சிராயபாளையம் வழியாகப் பஸ் பிடித்து வந்திருந்தார். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். பேரன் விளக்கி முடித்ததும் அவர்தான் முதலில் கேட்டார்:

"தம்பி, குடுத்த சம்மதத்தை நானே திரும்ப வாங்கிக்க முடியுமா? உங்களைக் கேக்காம?"

"முடியும் ஐயா. உங்க கூகுள் கணக்குலயே அதுக்கு இடம் இருக்கு."

"காட்டுங்க, பார்க்கலாம்." பிறகு என்னிடம் திரும்பி, "தப்பா நினைக்காதீங்க சார். எங்க அப்பா காலத்துல வெறும் தாள்ல கைநாட்டு வாங்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் அதுல என்ன எழுதினாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாது" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்தது நம் வயதினருக்குத் தெரியும். அது முடிந்த பிறகும் கைநாட்டு வாங்குவது முடியவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஓர் அலுவலகத்தில் இளநிலை எழுத்தர். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். இடைத்தரகர் ஒருவர் மலையிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தார். கறவை மாட்டுக் கடன் என்றார். எழுதாத நான்கு தாள்களில் பெருவிரல் வைக்கச் சொன்னார். மைப்பெட்டியைத் திறந்து கொடுத்தவன் நான். வைத்துவிட்டு, விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார் அந்தப் பெரியவர். மறுவருடம் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் போயிற்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "மாடே வரலையே சாமி" என்றார். எனக்கு விவரம் தெரியும். மேலே சொல்லியிருக்கலாம். புது வேலை, சின்னக் குழந்தைகள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

பத்து வயதில் தாத்தாவுக்கு வரி வரியாக வாசித்துக் காட்டியவன் நான். முப்பது வயதில் மைப்பெட்டியை நீட்டினேன். எழுபது தாண்டி, நல்ல எண்ணத்தோடுதான், அறுபது பேரிடம் மறுபடியும் வெறும் தாளில் கைநாட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்றே நோட்டின் கடைசிக் கட்டத்தை எல்லார் முன்னிலையிலும் வெட்டி எடுத்துக் கொளுத்தினேன். அது மட்டும் போதாது, பார்த்தவன் மனதிலிருந்து அழியாதே. அதனால் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பாஸ்வேர்டை மாற்றச் செய்தோம். அவர்கள் தட்டும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். நான்கு மணி நேரம் ஆயிற்று.

மலை ஆசிரியர் சம்மதம் கொடுத்து உள்ளே நுழைந்தார். தன் தேதிகளைப் பார்த்தார். பிறகு கூகுள் கணக்கைத் திறந்து, எங்கள் செயலியின் பெயரைத் தேடிப் பிடித்து, அனுமதியை நீக்கினார். மறுபடி எங்கள் செயலிக்கு வந்து நுழைந்தார். கூகுள் புதிதாகச் சம்மதம் கேட்டது. அதை நிதானமாக ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"பேரும் மெயிலும் மட்டும்தானே சார்?"

"அவ்வளவுதான் சார்."

விரலை வைத்து அழுத்தினார். கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.