மஞ்சள் கட்டத்துக்குள் ஒரு மலை

பதினான்கு மாவட்டங்கள், ஐந்து நாட்கள், எழுபது கட்டங்கள். மழைக்காலத்தில் திருவனந்தபுரம் வானிலை மையம் வெளியிடும் அட்டவணையின் அளவு இவ்வளவுதான். கட்டங்களில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. புள்ளிவிவரக்காரர்கள் 'ஹீட் மேப்' என்று அழைக்கும் உத்தி. எண்களைக் கண்டாலே மிரளுகிறவருக்கும் ஒரு பார்வையில் புரிந்துவிடும்.

வித்துராவில் இந்த நிறங்களுக்கு வியாபார மதிப்பும் உண்டு. பொன்முடிக்குப் போகிறவர்கள் இந்த வழியாகத்தான் மலையேறுகிறார்கள். நிறம் கடுமையானால் பொன்முடியை மூடிவிடுவது வழக்கம். அன்று டீக்கடைகளில் ஈயாடும்.

கணக்கு எளிமையானது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை மழை எதிர்பார்த்தால் மஞ்சள். 204.4 வரை ஆரஞ்சு. அதைத் தாண்டினால் சிவப்பு. 66 மி.மீ.யும் 114 மி.மீ.யும் ஒரே மஞ்சள், 115.5 கொஞ்சம் நகர்ந்து 115.6 ஆனால் நிறமே மாறிவிடும். ஆற்றுக்கு இந்த எல்லைக்கோடு தெரியாது.

அதைவிடப் பெரிய சிக்கல், கட்டத்தின் அகலம். கோவளம் கடற்கரையும் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பொன்முடியும் ஒரே மாவட்டம். எனவே ஒரே நிறம். மேகத்தை மறிக்கும் மலைச்சரிவில் கொட்டுவதும் கடலோரத்தில் தூறுவதும் ஒன்றாகிவிடுகின்றன. நேரமும் அப்படித்தான். நாள் முழுக்கப் பரவிப் பெய்யும் 70 மி.மீ. மண்ணில் இறங்கிவிடலாம். அதுவே இரண்டு மணி நேரத்தில் கொட்டினால், பொன்முடிப் பக்கத்திலிருந்து இறங்கிவரும் கல்லாறு சீறிவிடும். கீழே வெயிலில் குளித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மேலே பெய்தது தெரியாது. அட்டவணையில் இரண்டு நாளும் மஞ்சள்தான்.

உத்தி என்னவோ பழையது. 1873இலேயே துசேன் லுவா என்ற பிரெஞ்சுக்காரர் பாரீஸ் நகரின் 20 வட்டாரங்களைப் பற்றிய 40 வரைபடங்களை ஒரே வண்ண அட்டவணையில் அடக்கினார். அவருக்கு வெள்ளையில் தொடங்கி மஞ்சள், நீலம் வழியாகச் சிவப்பில் முடிந்தது. நிறங்களின் வரிசையை இயற்கை விதிக்கவில்லை, வரைகிறவர்தான் விதிக்கிறார்.

கேரளத்திலேயே இன்னொரு வரிசையும் இருக்கிறது. அணைகளுக்கு நீலம், ஆரஞ்சு, சிவப்பு. 2018 ஜூலை இறுதியில் இடுக்கி அணைக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்தது நீர்மட்டம் 2,395 அடியைத் தொட்டதால். மழையின் அளவால் அல்ல. அவசரத்தில் 'ஆரஞ்சாம்' என்று மட்டும் கேட்டவர், வானத்தைப் பார்ப்பதா, அணையைப் பார்ப்பதா?

இந்த அட்டவணையைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடலாம். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசம். அவர்களுக்கு அசல் தாளிலேயே இதே தொல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் நிறத்தோடு அதன் பெயரையும் எதிர்பார்க்கும் மில்லிமீட்டரையும் அச்சிட்டால் போதும், பாதித் தொல்லை தீரும். மீதிப் பாதிக்கு, மாவட்டக் கட்டத்தை மலை, இடைநாடு, கடலோரம் என்று மூன்றாக வெட்ட வேண்டும். எழுபது கட்டங்கள் இருநூற்றுப் பத்தாகும். ஒரு பார்வையில் புரியாதுதான். ஆனால் கல்லாற்றுக் கரையில் நிற்பவருக்கு எழுபதும் வேண்டாம், அவருடைய ஒரு கட்டம் போதும்.