கேட்கிறது, பேசத்தான் முடியவில்லை

ஓய்வு பெற்ற பிறகும் ‘டெலிபோன் சார்’ என்ற பெயர் என்னை விடவில்லை. நாகப்பட்டினத்தில் எங்கள் தெருவில் மிக்சி ஓடவில்லை என்றாலும், இன்வெர்ட்டர் கத்தினாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நானும் மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். “பென்ஷன் வாங்கியும் டூட்டி முடியலையா?” என்பாள் மனைவி. அந்தப் பெருமையில் நான் செய்த ஒரு தப்பைத்தான் இன்று எழுதுகிறேன்.

எங்களுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவின் மகன் ஃபைபர் போட் வைத்திருக்கிறான். டீசல் இன்ஜின், கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணுவது. கரண்ட் வேலை என்று பார்த்தால் ஒரு 12 வோல்ட் பேட்டரி, அதில் ஓடும் ஜிபிஎஸ், வயர்லெஸ் செட், கம்பத்தில் ஒரு விளக்கு. அவ்வளவுதான். இன்ஜினில் சார்ஜ் ஆகும் வசதி இல்லை. கரைக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜில் போடுவான்.

ஒருநாள் வந்து, “சார், வயர்லெஸ்ல மத்தவங்க பேசுறது நல்லா கேக்குது. நான் பேச பட்டனை அமுக்குனா செத்துடுது. கூடவே ஜிபிஎஸ்ஸும் அணைஞ்சு எரியுது” என்றான்.

பேட்டரியை என் வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்திருந்தான். மீட்டர் வைத்தேன். 12.6 வோல்ட். நல்ல பேட்டரிதான் அப்படிக் காட்டும். ஆனால் வேலை கொடுக்காமல் பார்த்த வோல்ட்டை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். வயதான பேட்டரி சும்மா இருக்கும்போது நன்றாகக் காட்டிவிட்டு, சுமை ஏறியதும் படுத்துவிடும். வயர்லெஸ் செட் கேட்கும்போது அரை ஆம்பியர்கூட எடுக்காது. பேசும்போது 5 ஆம்பியர் வரை இழுக்கும். விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ் எல்லாவற்றுக்கும் பொதுவானது பேட்டரி. ஆகவே பேட்டரிதான் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். நியாயமான தீர்ப்பு என்று இன்றும் தோன்றுகிறது. ஆனால் இறங்கிப் போய்ப் படகைப் பார்க்காமல் சொன்ன தீர்ப்பு.

அவன் பழைய பேட்டரியைக் கொடுத்துவிட்டு, மேலே 4,200 ரூபாய் போட்டுப் புதியது வாங்கினான். இரண்டு நாள் நன்றாக ஓடியது. புதுக் கிளாம்பை இறுக்கியதால் கொஞ்சம் சரியாகியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் விடியற்காலை 6 மணிக்கு வர வேண்டிய படகு வரவில்லை. 7 மணிக்கு அவன் அம்மா கூடை இல்லாமல் எங்கள் வாசலில் வந்து நின்றாள். எதுவும் கேட்கவில்லை. “செல்லு எடுக்க மாட்டேங்குது சார்” என்று மட்டும் சொன்னாள். கரையை விட்டுத் தள்ளிப் போய்விட்டால் செல்போன் எடுக்காது, அது அவளுக்கும் தெரியும். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு அவளோடு கரைக்குப் போனேன். அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை.

10 மணிக்கு வந்து சேர்ந்தார்கள். நள்ளிரவுக்கு மேல் விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ் மூன்றும் ஒரே நேரத்தில் அணைந்திருக்கின்றன. மழை மேகம், நட்சத்திரமும் இல்லை. எந்தப் பக்கம் கரை என்று தெரியாமல் ஓட்டுவதைவிட நிற்பதே மேல் என்று நங்கூரம் போட்டுவிட்டார்கள். விளக்கில்லாத படகைப் பெரிய விசைப்படகுகள் பார்க்காமல் ஏறிவிடும் என்று, நாலு பேரும் முறை வைத்து ஒரு டார்ச்சை அடித்துக்கொண்டே இருந்தார்களாம்.

அன்று மாலை ஒரு லாரி ஹெட்லைட் பல்பை எடுத்துக்கொண்டு படகில் ஏறினேன். வயர்லெஸ் செட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பல்பை இணைத்தேன். கண் சிமிட்டுவது போல் மங்கி மங்கி எரிந்தது. வயரைக் கொஞ்சம் அசைத்துப் பிடித்ததும் மஞ்சளாக நின்றது. அது சுமாராக 4 ஆம்பியர் இழுக்கும். அது எரியும்போதே அளந்தேன். பேட்டரி முனையில் 12.3. பல்பில் 9.4. நடுவில் 2.9 வோல்ட் எங்கோ தங்கிவிடுகிறது.

பாசிட்டிவ் வயரின் இரண்டு முனைக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். 0.3. பரவாயில்லை. நெகட்டிவ் வயருக்கு அதேபோல் வைத்தேன். 2.6!

லாரியிலும் காரிலும் இரும்பு உடம்பே நெகட்டிவ். ஃபைபர் படகில் அது நடக்காது. போகிற வயரைப் போலவே திரும்புகிற வயரும் பேட்டரி வரை வர வேண்டும். எல்லாரும் சிவப்பு வயரைத்தான் பார்ப்பார்கள், கறுப்பை யாரும் சந்தேகப்படுவதில்லை. இங்கே மூன்று கருவிக்கும் சேர்த்து ஒரே கறுப்பு வயர்.

அப்புறம் நாங்கள் கேபிள் பழுது தேடுகிற அதே வழி. பாதி தூரத்தில் குத்திப் பார், எந்தப் பாதி என்று தெரியும். அந்தப் பாதியில் மறுபடி பாதி. நாலாவது தடவை பின்பக்கப் பலகைக்கு அடியில் கை போனது. தண்ணீர் தேங்குகிற இடம். அங்கே இரண்டு வயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். டேப்பைப் பிரித்தால் பச்சைப் பொடி. நாலைந்து இழைதான் மிச்சம். ஜாயின்ட்டிலிருந்து ஒரு முழம் வரை வயரின் தோலைச் சீவிப் பார்த்தேன், உள்ளே செம்பு கறுத்துப் போயிருந்தது. திரி எண்ணெயை உறிஞ்சுவது போல உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஏறியிருக்கிறது. வீட்டுக்குப் போடுகிற சாதாரண வயர் அது. படகுக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி போட வேண்டும்.

எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவைத்தான் பூமியோடு இணைத்திருப்போம். பூமிக்குள் ஈரத்தில் கிடக்கும் செம்பு அரித்துப் போகாமலிருக்க அந்த ஏற்பாடு. ஈரம் செம்பை என்ன செய்யும் என்று இத்தனை வருடம் அறிந்தவன், ஒரு படகின் பழுதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

நடுவில் ஜாயின்ட்டே இல்லாமல் பேட்டரியிலிருந்து புது வயர் இழுத்தோம். ஒவ்வொரு கருவிக்கும் தனி ஃபியூஸ் போட்டேன், வயரைத் தண்ணீர் தேங்காத மேல் விளிம்போடு கட்டினேன். ஹெட்லைட் பல்பை மாட்டி மறுபடி பார்த்ததில் நெகட்டிவில் 0.1.

4,200 ரூபாயை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். “நீங்க வேணும்னா பண்ணுனீங்க, விடுங்க சார்” என்று அவன் வாங்கவில்லை. அவன் அம்மா மீன் கொண்டுவருகிறாள். முன்பெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போவாள். இப்போது நின்றபடியே நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள்.