தேவநகரத்தில் சித்திரை முதல் நாள்

தாய்லாந்தின் தலைநகரை உலகம் பாங்காக் என்று அழைக்கிறது. அந்நாட்டு மக்களோ ‘குருங் தேப்’ என்றே சொல்வர். தேவர்களின் நகரம் என்பது அதன் பொருள். 1782ஆம் ஆண்டில் தலைநகரான இவ்வூரின் முழுப்பெயர், இந்திரன் அருளியது, விசுவகர்மா சமைத்தது என்றெல்லாம் நீண்டு செல்கிறது. உலகின் மிக நீளமான ஊர்ப்பெயர் என்னும் சிறப்பும் அதற்கு உண்டு. ஆற்றங்கரையில் அருணன் பெயரால் ஓர் ஆலயம் விளங்குகிறது. அரண்மனைக் கோயிலின் திருச்சுற்றில் இராமகாதை 178 ஓவியப் பகுதிகளாக விரிகிறது.

எனக்கு எழுபது நிறைந்ததை முன்னிட்டு எங்கள் மகன் எங்கள் இருவரையும் இந்நகருக்கு அனுப்பி வைத்தான். நாள் குறித்ததும் அவனே. அது ஏப்ரல் மாதமாக அமைந்தது. தேவர்களின் நகரமே ஆயினும், அம்மாதத்து வெயில் தேவர்களாலும் தாங்க இயலாதது. ஆனால் என் மனைவியின் கவலை வெயிலைப் பற்றியதன்று. மணமாகி நாற்பத்து மூன்று ஆண்டுகளாக, சித்திரை முதல் நாளில் சமயபுரத்தாளின் சந்நிதியில் நிற்க நாங்கள் தவறியதில்லை. “இந்த வருஷம் விட்டுப்போய்விடுமோ?” என்று விமானத்திலேயே அவள் கேட்கத் தொடங்கிவிட்டாள்.

முதல் நாள் அரண்மனைக்குப் புறப்பட்டோம். வழியில் ஒரு மூன்று சக்கர வண்டிக்காரர், “இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு நல்ல இடம் காட்டுகிறேன்” என்று கூறி எங்களை ஏற்றிச் சென்றார். அந்த நல்ல இடம் ஒரு நவரத்தினக் கடை! கடைக்காரர் நீலத்தையும் மாணிக்கத்தையும் பரப்பினார். என் மனைவியோ குளிர்சாதனத்தின் நேர் எதிரே அமர்ந்து, அவர்கள் அளித்த குளிர்நீரை இரண்டு குவளை அருந்தி, கால் வலி தீர அரைமணி நேரம் இளைப்பாறிய பின், “சமயபுரத்தாளுக்கு மூக்குத்தி எடுக்கும்போது வருகிறோம்” என்று தமிழிலேயே கூறி எழுந்துவிட்டாள். அரண்மனை அன்று திறந்தேதான் இருந்தது.

உணவிலும் ஒரு சோதனை நேர்ந்தது. காய்கறி மட்டும் போதும் என்று சைகையால் சொன்னால், காய்கறியின்மேல் மீன் சாற்றை ஊற்றித் தருகிறார்கள். அங்கே அது நம் உப்பைப் போன்றது. ‘ஜே’ என்னும் சொல்லே சைவ உணவைக் குறிக்கும் என்பதையும், மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தெரியும் கடையை நாட வேண்டும் என்பதையும் அறியும்வரை வாழைப்பழமும் இளநீருமே எங்களைக் காத்தன.

இரண்டாம் நாள் மாபெரும் ஊஞ்சலைக் கண்டோம். வானளாவிய இரு செந்நிறத் தேக்குத் தூண்கள் நடுத்தெருவில் நிற்கின்றன. 1935க்குப் பின் அதில் ஊஞ்சல் ஆடும் வழக்கம் இல்லை. ஆயினும் அருகிலுள்ள தேவஸ்தானத்தில், அரச குடும்பத்து அந்தணர்கள் ஆண்டுதோறும் மார்கழியை ஒட்டி ‘திரியம்பாவை’ என்னும் விழாவை நடத்தி வருகின்றனர். நம் திருவெம்பாவையின் பெயரே அவ்வாறு திரிந்தது. மணிவாசகரின் பாடல்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக ஓதப்படுகின்றன. ஒலி மாறிவிட்டது, பொருள் மறந்துவிட்டது, ஓதுதல் மட்டும் நிற்கவில்லை. இதைக் கேட்ட என் மனைவி அந்தத் தேவஸ்தானத்தின் வாயிலிலேயே கைகூப்பி நின்றுவிட்டாள்.

மறுநாள் சித்திரை முதல் நாள். தாய்லாந்திலும் அன்று புத்தாண்டுக் காலம். ‘சொங்கிரான்’ என்பர். சங்கராந்தி என்னும் சொல்லே அவ்வாறு ஆயிற்று. ஒருவர்மேல் ஒருவர் நீர் தெளித்து வாழ்த்துவது அதன் மரபு.

மாரியம்மன் கோயில் என்று சொல்லி வாடகைக் காரில் ஏறினோம். ஓட்டுநர் புரிந்ததுபோல் தலையசைத்து, எங்களை நான்முகன் சந்நிதியில் இறக்கிவிட்டார். 1956இல் அமைந்த அந்தச் சந்நிதியில் பொன்னிறப் பிரமதேவர் நான்கு திசையும் நோக்கி அமர்ந்திருக்கிறார். வேண்டுதல் நிறைவேறியவர்கள் நாட்டியம் ஆடச்செய்து நன்றி செலுத்துகின்றனர். நம் நாட்டில் அரிதாகக் கிடைக்கும் தரிசனம் என்று மகிழ்ந்தோம். ஆனால் அம்மன் எங்கே?

பூ விற்ற அம்மையார் ஒருவரிடம், என் மனைவி வேப்பிலையையும் சூலத்தையும் கையாலேயே வரைந்து காட்டினாள். அவர் முகம் மலர்ந்து, “வாட் கேக்! வாட் கேக்!” என்றார். “என்னங்க, கேக் எல்லாம் வேண்டாம், முட்டை கலந்திருக்கும்” என்று பின்வாங்கினாள் இவள். ‘வாட்’ என்றால் கோயில், ‘கேக்’ என்றால் விருந்தினர் என்று ஆங்கிலம் அறிந்த ஓர் இளைஞர் விளக்கினார். இந்தியரையும் அவர்கள் அப்படியே அழைப்பர். அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் கட்டிய அம்மன் ஆலயம் அவ்வூரில் விருந்தினர் கோயில் ஆயிற்று.

அது சிலோம் சாலையில் உள்ளது. மேம்பால ரயிலில் சென்று சாலா தேங் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து கோயில் ஒரு கிலோமீட்டருக்கும் சற்று மேல். அந்தச் சாலை முழுவதும் சொங்கிரான் நீர்ப்போர்! வண்டிகளுக்கு இடமில்லை. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் நீர்த்துப்பாக்கிகளுடன் திரண்டிருந்தனர். பத்தடி நடப்பதற்குள் என் பட்டு வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டது. “சமயபுரத்தில் அம்மனுக்கு அபிஷேகம், இங்கே நமக்கே நடக்கிறது” என்று சிரித்தாலும், இவள் கால்கள் நடுங்கியதை நான் கண்டேன். வழுக்கி விழுந்தால் என்ன ஆவது? திரும்பிவிடலாமா என்று கேட்டேன். இவள் விடை கூறவில்லை.

அப்போது பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எங்கள் முன் வந்து நின்றாள். இவளது நரைத்த தலையைக் கண்டதும் துப்பாக்கியைத் தாழ்த்தினாள். தோழியிடமிருந்து, மல்லிகை மிதந்த நீர்க்கிண்ணத்தை வாங்கி, இவளது கைகளில் மெல்ல ஊற்றித் தலைகுனிந்து நின்றாள். மூத்தோரின் கைகளில் நறுநீர் வார்த்து ஆசி பெறுவதே அத்திருநாளின் உயிர் என்பதைப் பின்னர் அறிந்தோம். இவள் ஒன்றும் அறியாமலேயே ஈரக்கையை அக்குழந்தையின் தலையில் வைத்து, “நல்லா இரும்மா, நூறு வருஷம் இரு” என்றாள். பிறகு அந்தப் பெண்ணும் தோழியரும் எங்களுக்கு இருபுறமும் நடந்து, கூட்டத்தை விலக்கி, கோபுரம் தெரியும்வரை கொண்டுவந்து விட்டனர்.

ஈரப்புடைவையுடன் வலம் வருவது நம் ஊரில் வேண்டுதல். அன்று அது எங்களுக்குக் கேளாமலே கிட்டியது. தேங்காயும் செவ்வந்தியும் ஏந்திய தாய்லாந்து மக்களுக்கு நடுவே அம்பிகையைக் கண் குளிரக் கண்டோம். நாற்பத்து நான்காம் ஆண்டும் தவறவில்லை.

அங்கே செல்லும் அன்பர்கள் ‘வாட் கேக், சிலோம்’ என்று கேட்டால் போதும். சுராசக் நிலையத்தில் இறங்கினால் நடை குறையும். சித்திரைப் பிறப்பன்று செல்வதானால் காலையிலேயே செல்லுங்கள். மருந்துகளையும் கைப்பேசியையும் நீர் புகாத பையில் வையுங்கள். யாரேனும் நீர்க்கிண்ணத்துடன் எதிரே தலைகுனிந்து நின்றால், விலகிச் செல்லாமல் இரு கைகளையும் நீட்டுங்கள். வாழ்த்துவதற்குத் தமிழே போதும்.