பல் போன கத்திதான் நிஜம்!

நம்மூரில் பூட்டுக்குத் திண்டுக்கல் என்றால், ஜெர்மனியில் கத்திக்கு ஸோலிங்கன். கொலோன், டுசல்டார்ஃப் இரண்டு நகரங்களுக்கும் பக்கம்தான். 1897-ல் திறக்கப்பட்ட மியூங்ஸ்டன் ரயில் பாலமும் அருகிலேயே. உயரம் 107 மீட்டர்!

டிராலி பஸ் ஏறி, கிரேஃப்ராத் பகுதியில் இறங்குங்கள். கரும்பலகைக் கல் போர்த்திய வீடுகள், பச்சை ஜன்னல்கள்... நடுவே ஒரு பழைய கன்னியர் மடம். அதுதான் இப்போது கத்தி மியூசியம். சாப்பாட்டு மேஜைக் கத்தி முதல் போர்வாள் வரை அங்கே உண்டு.

பழம்பொருள் சேகரிப்பவர்களுக்கு இந்த ஊர் என்றால் பயோனெட். துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. முதல் உலகப்போரில் ஜெர்மன் வீரர்கள் வைத்திருந்த ‘98/05’ ரகத்தைப் பல ஸோலிங்கன் பட்டறைகள் செய்தன. அவற்றில் ஒரு சிறு பங்குக்கு மட்டும் முதுகில் ரம்பப் பற்கள் உண்டு, மரம் அறுப்பதற்காக.

‘ரம்பக் கத்தியோடு பிடிபட்டால் எதிரி உயிரோடு விடமாட்டான்’ என்ற பேச்சு பரவியது. போரின் பிற்பகுதியில் ராணுவமே பற்களைத் தேய்த்து எடுத்தது. பல்லோடு தப்பியவை குறைவு. அதனால் விலை அதிகம், போலியும் அதிகம். பல் இல்லாத அசல் கத்தியில் புதிதாகப் பல் வெட்டி விற்கிறார்கள். வாங்கியவருக்குப் பணம் நஷ்டம். நூறு வருடம் தப்பிப் பிழைத்த பொருள் பாழாவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

* அசலில் பற்கள் இரண்டு வரிசை. பல் இடுக்கும் மற்ற இரும்பும் ஒரே நிறத்தில் மங்கியிருக்க வேண்டும். இடுக்கு மட்டும் பளிச்சென்றால் உஷார்.

* கைப்பிடி அருகே, கத்தி முதுகில் முத்திரை இருக்கும். கிரீடம், ‘டபிள்யூ’ எழுத்து, 15 என்றிருந்தால் அது பிரஷ்ய மன்னர் வில்ஹெல்ம் காலத்து 1915. எழுத்தைச் சுற்றி இரும்பு புதிதாகப் பிதுங்கியிருந்தால் பின்னால் அடித்தது.

* நிஜத் துரு திட்டுத்திட்டாக ஏறும். அமிலத் துரு எங்கும் ஒரே சீராகத் தெரியும்.

* கைப்பிடி ஸ்க்ரூவின் வெட்டு சிதைந்திருந்தால், யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

முத்திரைக்கு அப்பால் முதுகு சற்றே இறங்கி, பல் தேய்த்த தடம் தெரிகிறதா? ‘ஊனம்’ என்று ஒதுக்காதீர்கள். அந்தக் கத்தி தன் கதையை மறைக்கவில்லை. வாங்கினால் பாலிஷ் மட்டும் போடாதீர்கள். நூறு வருடச் சாட்சியம் துணியோடு போய்விடும்!