பழைய மிஷினுக்குப் புது கன்ட்ரோல்

கோவை கணபதியில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறை. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்த வெர்டிகல் மில்லிங் மிஷின் ஒன்றுக்கு அங்கே சிஎன்சி கன்ட்ரோல் மாற்றிக்கொண்டிருந்தார்கள். வார்ப்பிரும்பு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்லைடுகளில் கையால் ஸ்கிரேப்பிங் செய்த தடம்கூட அழியவில்லை. செத்துப்போனது கன்ட்ரோல் மட்டும்தான். அதன் சர்க்யூட் கார்டுகள் இப்போது புதிதாக வருவதில்லை. இதற்காக இத்தனை டன் நல்ல இரும்பை எடைக்குப் போடுவதா? கூடாது என்பதே என் கட்சியும்.

ரெட்ரோஃபிட் செய்கிற அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "மொதல்ல எதையும் கழட்டப்படாதுங்க" என்றார். பேனலுக்குள் ஒவ்வொரு ஒயரின் ஃபெரூல் நம்பரையும் நோட்டில் எழுதிய பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுகிறார். ஸ்பிண்டில் ஹெட்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்திருந்தார். இந்த மிஷினில் ஹெட்டை ஏற்றி இறக்கும் இசட் மோட்டாருக்குள்தான் பிரேக். மோட்டாரை அவிழ்த்தால் ஹெட் அப்படியே கீழே இறங்கி, அடியில் இருக்கும் கையை நசுக்கிவிடும்.

எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்பதில்தான் செலவு அடங்கியிருக்கிறது. டிசி சர்வோ மோட்டார்களுக்குக் கார்பன் பிரஷ் மாற்றினால் போதும் என்று முடிவு செய்தார். பழைய டிரைவ்கள் பிளஸ் மைனஸ் 10 வோல்ட் சிக்னலில் ஓடுபவை. அதைத் தரும் கார்டு இன்றும் கிடைக்கிறது. மேலே கன்ட்ரோலாக ஓடுவது லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட்டில் 1990களில் பிறந்த மென்பொருள் அது. இன்று யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

உண்மையான மண்டைக் குடைச்சல் டூல் சேஞ்சர். அதன் வரிசையைச் சொல்லும் லாடர் புரோகிராம் பழைய கன்ட்ரோலோடு போய்விட்டது. ஒயரிங் படமும் இல்லை. அண்ணன் ஹைட்ராலிக் வால்வுகளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தி, எது அசைகிறது, எந்த பிராக்ஸிமிட்டி சுவிட்சின் விளக்கு எரிகிறது என்று பார்த்தே வரிசையைக் கண்டுபிடித்திருக்கிறார். ஸ்பிண்டில் சரியான கோணத்தில் நிற்க வேண்டும். ஆர்ம் வந்து இரண்டு டூலையும் பிடிக்க வேண்டும். அப்புறம்தான் கிளாம்ப் விடலாம். ஆர்ம் இறங்கி, அரைச்சுற்று சுற்றி, ஏறி, மறுபடி கிளாம்ப் ஆன பிறகே விலக வேண்டும். இதை டைமர் வைத்தும் ஓட்டலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். இவர் ஒவ்வொரு அடிக்கும் சுவிட்ச் பதில் சொல்லும்வரை காத்திருக்கும்படி எழுதினார். "மார்கழிக் காலைல ஆயில் கெட்டியா இருக்குமுங்க. சிலிண்டர் மெதுவாத்தான் போகும். டைமருக்கு அது தெரியுமுங்களா?"

முதல் ஓட்டத்துக்கு மோட்டார்களை பால் ஸ்க்ரூவிலிருந்து பிரித்துவிட்டார். என்கோடர் திசை தலைகீழாக இருந்தால் கன்ட்ரோல் பிழையைக் குறைப்பதாக நினைத்து அதைக் கூட்டிக்கொண்டே போகும்; டேபிள் முழு வேகத்தில் கோடியில் போய் மோதும். எமர்ஜென்சி பட்டனையும் கம்ப்யூட்டரை நம்பி விடவில்லை, நேரே ரிலே வழியாக டிரைவின் பவரை வெட்டும்படி ஒயர் இழுத்திருந்தார்.

கடைசியாக அலுமினியத் துண்டில் ஒரு வட்டம் வெட்டிப் பார்த்தார்கள். எக்ஸ் அச்சு திசை திரும்பும் இடத்தில் நகத்தில் தட்டுப்படும் சிறு படி. டயல் கேஜ் வைத்து பேக்லாஷை, அதாவது திசை திரும்பும்போது வரும் ஆட்டத்தை, அளந்து கன்ட்ரோலில் ஏற்றியதும் படி மறைந்தது. ஆனால் பால் ஸ்க்ரூ நடுவில் அதிகம் தேய்ந்திருக்கிறது, ஓரத்தில் இல்லை. ஒரே எண் இரண்டுக்கும் பொருந்தாது. அதை முதலாளியிடம் மறைக்காமல் சொன்னார். ஸ்க்ரூவை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று முடிவானது.

இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. கஸ்டமர் வேறு ஆளிடம் போய்விடுவார் என்று சிலர் ஒயரிங் படத்தையே தருவதில்லை, பாஸ்வேர்டும் சொல்வதில்லை. அண்ணன் படத்தைப் பிரிண்ட் எடுத்து பேனல் கதவின் உள்பக்கம் வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "இந்தப் படம் இல்லாமத்தானுங்க நான் டூல் சேஞ்சர்ல அவ்வளவு பட்டேன்" என்றார்.