மக்காவ் நகரில் சூதாடாதவன்

"சூதாடாதவருக்கு மக்காவ் நகரில் என்ன வேலை?" என்று உடன்வந்த நண்பர்கள் நகைத்தனர். தருமன் நாடிழந்த கதையை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லும் எனக்கு, அந்த மேசையருகே அமர மனம் ஒப்பவில்லை; தனியே நடந்தேன்.

1835இல் தீக்கிரையான புனித பவுல் தேவாலயத்தின் முகப்புச் சுவர் மட்டும் எஞ்சி நின்றது. அதற்கு அப்பால், கமோன்ஸ் பூங்காவை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டத்தில், 1834இல் மறைந்த இராபர்ட் மாரிசனின் கல்லறையைக் கண்டேன். சீன-ஆங்கில அகராதி தொகுத்தவர். நம் மலாக்காவில் 1818இல் ஆங்கிலோ-சீனக் கல்லூரியை நிறுவியவர். ஒரு மொழிக்காக வாழ்நாளையே பணயம் வைத்தவர் எனலாமா? அவ்விடம் விட்டு அகல நெடுநேரமாயிற்று.

இரவு விடுதிக்கு மீண்டபோது, நகைத்தவருள் ஒருவர் விளக்கைப் போடாமல் அமர்ந்திருந்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த பணமும் போயிற்றாம். நான் தருமன் கதையை எடுக்கவில்லை; தேநீர் வரவழைத்தேன்.